சிவப்புக் கோடு விழாத பிழைகள்

"மகளின் களையெடுப்புக்காக எனக்கு மூன்று நாள் லீவு வேண்டும்."

தோட்ட அலுவலகத்துக்கு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இதுதான் பொருள். அவர் கேட்டது மகள் கல்யாணத்துக்கு. 'வெட்டிங்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வீடிங்' என்று விழுந்துவிட்டது. களையெடுப்பதற்கு லீவு கேட்டால் எந்த மானேஜர் கொடுப்பார்? ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தோடு மோட்டாரை நிறுத்திவிட்டு நேராக என் கடைக்குள் நுழைந்தார் அந்த அண்ணன். "அக்கா, ஒரு எழுத்துக்குக் கீழேகூட சிவப்புக் கோடு வரலையே!" என்றார். வராது. ஏன் வராது என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எனக்கு மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாவில் போட்டோஸ்டேட் கடை. பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தப் பழைய பெயருக்கு மலாயில் இன்னொரு மாதிரிப் பொருளும் எடுக்கலாம், இளவட்டங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஆக, இரட்டைப் பொருள் தொல்லை எங்கள் ஊருக்குப் புதிதில்லை. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். போட்டோஸ்டேட் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர், "அப்படியே இந்தக் கடுதாசியையும் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். அரசாங்க அலுவலகத்துக்கு மலாயில் எழுதிவிடுவோம், அதில் பெரிய சிக்கல் இல்லை. கம்பெனி, வங்கி, தனியார் கல்லூரி, சிங்கப்பூர் வேலை என்றால்தான் ஆங்கிலம். அங்கேதான் ஒரே முகமுள்ள சொற்கள் ஆளை மாற்றிவிடுகின்றன.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்துக்கு என்ன நேர்ந்ததோ அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதினால் சில சோடிகள் ஒன்றுபோலவே தெரியும். அந்த இடங்களில் எந்த எழுத்து வித்தியாசம் என்று சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை, படித்தவர் சிரிக்கிறார்

சிவப்புக் கோடு ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கும்: இப்படி ஒரு சொல் அகராதியில் உண்டா, இல்லையா. 'வீடிங்' உண்டு. அதனால் அதற்குத் திருப்தி. உங்கள் மகளுக்குக் கல்யாணமா, உங்கள் தோட்டத்தில் லாலான் புல் முளைத்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. புதிய மென்பொருளில் நீலக் கோடு ஒன்று வந்து சிலவற்றைப் பிடிக்கிறது. எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. அதை நம்பி அனுப்பியவர்களும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த வகைப் பிழை பெரும்பாலும் இரட்டை எழுத்தில்தான் இருக்கும். சிரிப்பு வந்த வரியில் எந்தச் சொல்லில் எழுத்து இரட்டிக்கிறது, எதில் இரட்டிக்கவில்லை என்று முதலில் பாருங்கள்.

களையெடுப்பில் ஈ இரண்டு. கல்யாணத்தில் நடுவே டி இரண்டு ('டாக்' என்பதில் முதலில் வருமே, அந்த டி). டும் டும் என்று மேளம் கொட்டினால் கல்யாணம். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு அந்த அண்ணன் ஒருமுறைகூடத் தப்பு செய்யவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு மகள்கள் இருந்தார்கள்.

'லூஸ்' என்று இரண்டு இருக்கிறது. ஓ ஒன்று மட்டும் வந்தால் இழப்பது. வேலையை இழந்தால், பணத்தை இழந்தால் எல்லாம் இது. ஓ இரண்டு வந்தால் தளர்ந்து இருப்பது. தொளதொள சட்டை, ஆணி ஆடுவது, நட்டு கழன்றது. தொள தொள என்று இரண்டு தடவை சொல்கிறோம் இல்லையா, ஓவும் இரண்டு. நம் ஆட்கள் இதில் தடுமாறுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இழப்பதைச் சொல்லும்போது ஆங்கிலேயர் வாயில் கடைசியில் தேனீ ரீங்காரம் போல ஒரு ஒலி வரும். தளர்ந்ததைச் சொல்லும்போது வெறும் பாம்புச் சீறல்தான். தமிழ் எழுத்தில் அந்த ரீங்காரத்துக்கு இடமில்லை. அதனால் நம் காதுக்கு இரண்டும் ஒன்று. இந்த ரீங்காரத்தை நினைவில் வையுங்கள், இன்னும் இரண்டு இடத்தில் வரும்.

'குவைட்' என்று எழுத நினைத்து ஈயையும் டியையும் (இது 'டேபிள்' என்பதில் முதலில் வரும் டி) மாற்றிப்போட்டால் "ஓரளவு" என்பது "அமைதியான" ஆகிவிடும். மோட்டார் பட்டறை பில்லில் 'பிரேக்' என்பதை ஈ-ஏ என்று எழுதினால் உடைப்பு, ஏ முன்னே வந்து கடைசியில் ஈ நின்றால்தான் வண்டியை நிறுத்துவது. "உங்கள் லாரிக்குப் புதிய உடைப்பு போட்டாயிற்று" என்று பில் கொடுத்தால் எந்த லாரிக்காரர் காசு கொடுப்பார்?

கேட்டதற்கு நேர் எதிரான பதில் வந்திருக்கிறது

இது சிரிக்கிற விஷயமில்லை. இதில் ஒருவருக்கு வேலையே போகப் பார்த்தது.

காவலாளி வேலை. வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. அவருக்கு இன்னொரு வருடம் பார்க்க ஆசை. ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போட விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் அவரே எழுதினார். 'சைன்' என்றால் கையெழுத்து, மறுபடி என்பதற்கு முன்னால் 'ரி' போட்டால் ஆயிற்று. நியாயமான யோசனைதான். ஆனால் நடுவில் ஒரு சிறு கோடு போட வேண்டும். அதை அவர் போடவில்லை. கோடு இல்லாத 'ரிசைன்' என்றால் வேலையை விட்டு விலகுவது. "உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொள்கிறோம், இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி" என்று பதில் வந்துவிட்டது. வந்த அன்று அவர் அதைப் படித்துவிட்டு நன்றி சொல்லியிருக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தாராம். மருமகள்தான் இரண்டாவது முறை படித்துவிட்டுக் கத்தியிருக்கிறாள்.

ஒரு சிறு கோடு. அது இருந்தால் தொடர்கிறேன், இல்லாவிட்டால் போகிறேன். பேச்சில் வித்தியாசம் உண்டு: விலகுவதில் நடுவே அந்த ரீங்காரம் வரும், மறுபடி கையெழுத்தில் 'ரீ' நீண்டு, ஒரு நொடி நின்று, 'சைன்' சீறலோடு வரும். எழுத்தில் அந்தக் கோடு ஒன்றுதான் காவல். என் யோசனை என்னவென்றால், அந்தக் கோட்டை நம்பாதீர்கள். அந்தச் சொல்லே வேண்டாம். 'ரினியூ' என்று எழுதுங்கள். புதுப்பிப்பது என்பதைத் தவிர வேறு பொருளே வராது. தப்பாகப் போக வாய்ப்புள்ள சொல்லைச் சரியாக எழுதக் கற்றுக்கொள்வதைவிட, தப்பாகப் போகவே முடியாத சொல்லைத் தேடுவது சுலபம்.

உதவித்தொகைக்கு எழுதிய பையன் கதை வேறு. தகுதி உள்ளவன் என்று சொல்ல 'எலிஜிபிள்' வேண்டும். அவன் எழுதியது 'இல்லெஜிபிள்'. அதற்குப் பொருள், கிறுக்கலாக இருப்பதால் வாசிக்க முடியாதது. மொத்தத்தில் "நான் படிக்க முடியாதவன், ஆகையால் உதவித்தொகை கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறான். நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் கொண்டு வந்தான். ஐயில் தொடங்கி எல் இரண்டு வந்தால் வாசிக்க முடியாதது. ஈயில் தொடங்கினால் தகுதி.

இரவல் விவகாரத்தில் குற்றம் மலாயுடையது. 'பிஞ்சாம்' என்ற ஒரே சொல்லை வைத்து வாங்குவதையும் சொல்லலாம், கொடுப்பதையும் சொல்லலாம். பள்ளியில் அப்படியே பழகிவிட்டு ஆங்கிலத்திலும் 'பாரோ' ஒன்றையே இரண்டுக்கும் போடுகிறோம். தமிழில் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: இரவல் வாங்கு என்று வந்தால் 'பாரோ', இரவல் கொடு என்று வந்தால் 'லெண்ட்'. "ஐந்நூறு வெள்ளி நான் உங்களுக்குக் கடன் தருகிறேன்" என்று முதலாளிக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

அப்புறம், எதிர்ப்பொருள் போலத் தெரிந்து எதிராக இல்லாத சொற்கள். இவை ஆபத்தானவை. 'ஃபிளேமபிள்' என்றால் தீப்பற்றக்கூடியது. சரி, 'இன்ஃபிளேமபிள்' என்றால்? தீப்பற்றாதது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இல்லை. அதுவும் தீப்பற்றக்கூடியதுதான். முன்னால் நிற்கும் 'இன்', இல்லை என்று மறுக்கும் 'இன்' இல்லை. பற்றவைப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு பிறக்கும்போதே ஒட்டி வந்தது. நம் 'அமைதி'யில் இருக்கும் 'அ' எதையாவது மறுக்கிறதா? அப்படித்தான். ஆட்கள் குழம்பி உயிரை விடுவார்களோ என்ற பயத்தில்தான் இப்போது எச்சரிக்கைப் பலகைகளில் குட்டைச் சொல்லையே போடுகிறார்கள். பழைய டின்களில் நீளச் சொல்லைப் பார்த்தால் அதன் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைக்காதீர்கள். 'இன்வேல்யுவபிள்' என்பதும் ஏமாற்றும், அங்கே 'இன்' மறுக்கத்தான் செய்கிறது என்றாலும்: மதிப்பில்லாதது என்று பொருள் இல்லை, விலை சொல்ல முடியாத அளவுக்கு மதிப்புள்ளது. உங்களைப் பற்றி யாராவது அப்படிச் சான்று எழுதிக் கொடுத்திருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடிதம் போக வேண்டிய ஆளிடம் போகவில்லை

உறையின் மேலே பாருங்கள். வேலை கேட்டு எழுதும் கடிதங்களில் 'பெர்சனல் மானேஜர்' என்று இருக்கும். கம்பெனியில் ஆள் எடுக்க அப்படி ஒரு பதவி கிடையாது. யாரோ ஒருவரின் சொந்த மானேஜர் என்று ஆகிறது. ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவு 'பெர்சனெல்'. அதில் என் இரண்டு, முடிவில் ஈ-எல், சொல்லும்போது அழுத்தம் கடைசியில் விழும். சொந்தம் என்றால் ஓர் ஆள், என் ஒன்று. ஊழியர்கள் என்றால் பல ஆள், என் இரண்டு. இப்போது பல கம்பெனிகளில் எச்ஆர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொல்லை விட்டது என்று அதையே எழுதிவிடுங்கள்.

'பிரின்சிபல்' சோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைத் தீர்க்கத் தமிழே போதும். ஒன்று ஏ-எல் என்று முடியும், மற்றது எல்-ஈ என்று முடியும். இடைநிலைப்பள்ளியின் தலைவருக்கு எது, வங்கிக் கடன் கடிதத்தில் வட்டியோடு சேர்ந்து வருவதற்கு எது, "அது என் கொள்கை" என்பதற்கு எது? பள்ளியில் இருப்பவர் முதல்வர். கடனில் வட்டி போக மீதி இருப்பது முதல். இரண்டிலும் 'முதல்' வருகிறதா? இரண்டும் ஏ-எல். ஆங்கிலத்திலும் அதே கதைதான், முதன்மையானது என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. முதல் என்று சொல்ல வராத இடத்தில், அதாவது கொள்கை, நெறி, விதி என்று வரும் இடத்தில், எல்-ஈ. இவ்வளவுதான். ஆங்கில வகுப்பில் இதற்கு வேறு ஏதோ சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது ஞாபகமே இருந்ததில்லை.

இதைத் தெரியாமல் விட்டதால் ஒருவர் வங்கிக்கு இப்படி எழுதினார்: "என் கொள்கையை முழுவதும் கட்டித் தீர்த்துவிடுகிறேன், வட்டியை மட்டும் குறையுங்கள்." வங்கியில் புரிந்துகொண்டார்கள் என்று வையுங்கள். இருந்தாலும் கொள்கையைக் கட்டித் தீர்ப்பது நன்றாகவா இருக்கிறது?

'கவுன்சில்' என்று சி வந்தால் சபை, நகராட்சி மாதிரி. அதே இடத்தில் எஸ் வந்து முடிவில் ஈ-எல் நின்றால் ஆலோசனை, சில இடங்களில் வழக்கறிஞர். சாக்கடை அடைத்துக்கொண்டதை நகராட்சிக்குச் சொல்ல வேண்டியவர் வழக்கறிஞருக்குச் சொல்லக்கூடாது.

எழுதுபொருள் கடைக்கு விலைப்பட்டியல் கேட்டு எழுதும் கடிதங்கள் என்னிடம் நிறைய வரும், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காக. 'ஸ்டேஷனரி'யில் முடிவில் நிற்கும் ஆர்-ஒய்க்கு முன் ஈயா, ஏயா? ஏ போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள். ஈ போட்டால் பேனா, தாள். 'பென்' என்ற சொல்லில் ஈ இருக்கிறது, 'ஸ்டாண்ட்' என்பதில் ஏ இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். தற்செயல் இல்லை, இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வியாபாரிகள் பெரும்பாலும் மூட்டை தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள், நம் பசார் மாலாம் இரவுச் சந்தைக் கடைக்காரர்கள் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று போவது போல. புத்தகமும் தாளும் விற்றவர்கள் மட்டும் பல்கலைக்கழகம், கோயில் பக்கமாக ஓர் இடத்தில் நிலையாகக் கடை போட்டார்கள். நிலையாக நின்றவர் என்பதே அவர்களுக்குப் பெயராயிற்று. லண்டனில் 1403இலேயே அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது, 1557இல் அரச பட்டயமும் கிடைத்தது. அவர்கள் விற்ற சரக்குக்கு அப்புறம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே இடத்தில் நின்று தாள் விற்கிற ஆள் என்ற முறையில், எனக்கு இரண்டு எழுத்துக்கூட்டலும் பொருந்தும்.

ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன், எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்று பாருங்கள்.

'அட்வைஸ்' சி வந்தால் அறிவுரை என்ற பொருள், எஸ் வந்தால் அறிவுரை சொல்வது என்ற செயல். செயலில் அந்தத் தேனீ ரீங்காரம் வரும். நினைவில் வைக்கச் சுலபமான வழி: அறிவுரை என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்தும் 'ஐஸ்'. ஐஸ் ஒரு பொருள், கையில் பிடிக்கலாம். ஆனால் ஐஸ் கச்சாங் கடைப் பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டாதீர்கள். அது மலாய், அங்கே எஸ்தான் இருக்கும். இந்த நாட்டில் ஒரு சூத்திரம் சொன்னால் ரோட்டோரப் பலகை ஒன்று அதைக் கெடுத்துவிடும்.

'பிராக்டிஸ்', 'லைசன்ஸ்' இரண்டும் இதே சட்டம்தான்: பெயருக்கு சி, வினைக்கு எஸ். நாம் பிரிட்டிஷ் வழக்கத்தில் படித்தவர்கள். அமெரிக்கர்கள் முதலாவதில் பெயர், வினை இரண்டுக்கும் சி போடுவார்கள், இரண்டாவதில் இரண்டுக்கும் எஸ். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கைப்பேசியில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் நீங்கள் சரியாக எழுதியதையும் அது மாற்றும். அமைப்புக்குள் போய் பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று மாற்றிவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கிளினிக்கில் மருந்து வாங்கும்போது "இதுக்கு சைடு எஃபெக்ட் இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறோம் இல்லையா? அது ஒரு விளைவு, ஒரு பெயர். அது ஈ. பாதிப்பது என்ற செயல் ஏ. மழை ரப்பர் பால்வெட்டை அஃபெக்ட் செய்யும், அதன் எஃபெக்ட் சம்பளத்தில் தெரியும். வங்கிக் கடிதங்களில் ஈ வருவதை வினையாகவும் போடுவார்கள், பணம் செலுத்துவதை நடத்தி முடிப்பது என்ற பொருளில். அது அவர்கள் பிழை இல்லை, திருத்தாதீர்கள். நான் ஒருமுறை திருத்திவிட்டேன்.

எழுதவே இல்லை, போனில் பேசினேன், அதுவே டைப் செய்தது

அப்படியானால் பிழை எழுத்தில் இல்லை, ஒலியில். போனுக்குக் கேட்பது ஒலி மட்டும். ஒரே ஒலியில் இரண்டு சொல் இருந்தால், பெரும்பாலும் ஊரில் எது அதிகம் புழங்குகிறதோ அதைப் போடும், உங்கள் தோட்டத்தில் எது புழங்குகிறது என்று அதற்குத் தெரியாது.

செம்பனை ஆலையில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒருவர், பருப்பை நசுக்கும் பிரிவில் அனுபவம் உண்டு என்று போனில் சொன்னார். செம்பனைப் பருப்பு 'கெர்னல்'. போன் எழுதியது ராணுவ கர்னல். "மூன்று ஆண்டுகளாக கர்னல்களை நசுக்கி வருகிறேன்." நாம் தமிழில் இரண்டையும் சற்று வேறாகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் இரண்டும் அச்சு அசல் ஒரே ஒலி. ராணுவக்காரரின் பெயரில் எல் எழுதி ஆர் என்று வாசிக்கிறார்களே என்று கேட்டால், முந்தைய காலத்தில் பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் எல், ஆர் என்று இரண்டு வடிவத்தில் வந்தது, ஒன்றின் எழுத்தும் இன்னொன்றின் ஒலியும் தங்கிவிட்டன. பேசி டைப் செய்தால் ஒரு தடவை கண்ணால் படித்துவிட்டு அனுப்புங்கள். காதால் கேட்டுச் சரிபார்த்தால் பிழை தெரியவே தெரியாது.

இதோடு சேர்ந்த ஒன்று, சொல் வரிசை. இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்தி கட்டுரை அச்செடுக்க வந்தாள். நம் நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. அதையும் ஒரு நாள் யாராவது விசாரிக்க வேண்டும்.) அவள் எழுதியிருந்தது 'பாம் ஆயில்' நட்டார்கள் என்று. எண்ணெயை எப்படி நடுவது? மரம் 'ஆயில் பாம்', எண்ணெய் 'பாம் ஆயில்'. கடைசியில் நிற்பதுதான் பொருள், முன்னால் நிற்பது அடைமொழி. தேங்காய் எண்ணெய், எண்ணெய்த் தேங்காய் என்று தமிழில் மாற்றிச் சொல்லிப் பார்த்தால் உடனே பிடிபடும். பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெய், பருப்பிலிருந்து இன்னோர் எண்ணெய். அதனால் 'கெர்னல்' நடுவில் வந்தால் அது வேறு எண்ணெய் என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, வந்த கடிதம்தான் புரியவில்லை

இது நீங்கள் எழுதிய கடிதம் இல்லை, உங்களுக்கு வந்தது.

ஒரு பாட்டி. கணவர் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. நாற்பது வருடம் தோட்டத்தில் இருந்த மனிதர். காப்புறுதிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. மேலே தடித்த எழுத்தில் 'எஸ்டேட் ஆஃப் தி லேட்' என்று தொடங்கி அவர் பெயர். பேரன் ஐந்தாம் படிவம். சொற்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். எஸ்டேட் என்றால் தோட்டம், லேட் என்றால் தாமதம். தாத்தா தோட்டத்துக்கு லேட்டாகப் போனது பற்றி ஏதோ வந்திருக்கிறது என்று படித்துச் சொல்லிவிட்டான். பாட்டி அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் என் கடைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "பெரட்டுக்கு லேட்டா வந்ததுக்கு இப்பப் போயி பிடிப்பாங்களாம்மா? ஆளே போயிட்டாரே. அதுவும் அவரு ஒரு நாள்கூட லேட்டா போனதில்லையே."

ஆளின் பெயருக்கு முன்னால் 'தி லேட்' வந்தால் காலஞ்சென்ற என்று பொருள். எஸ்டேட்டுக்குப் பின்னால் 'ஆஃப்' வந்து ஓர் ஆள் பெயர் வந்தால் அது தோட்டம் இல்லை, அவர் விட்டுப் போன சொத்து. வங்கியில் இருக்கும் காசு, மோட்டார், வீடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து. ஊர்ப்பெயரோ வேறு பெயரோ முன்னால் வந்து எஸ்டேட் பின்னால் நின்றால் மட்டும் நம் தோட்டம். மற்ற நாடுகளில் வீடமைப்புப் பகுதியையும் எஸ்டேட் என்பார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் லயத்து வீடுகளும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களமும்தான் கண்முன் வரும். அதனால் நாம்தான் இதில் அதிகமாக விழுகிறோம். சட்டத்தின் பெயரிலேயே இந்தக் கண்ணி இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சிறு எஸ்டேட்டுகள் பங்கீட்டுச் சட்டம் என்பதைப் பார்த்துத் தோட்டத் துண்டாடலுக்கான சட்டம் என்று நினைத்தவர்கள் உண்டு. அது இறந்தவரின் சிறிய அளவுச் சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது பற்றியது.

பாட்டிக்கு வந்த கடிதம், அவருக்குப் பணம் சேர வேண்டியிருக்கிறது, இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டை நகலும் அனுப்புங்கள் என்று சொல்லியது. போட்டோஸ்டேட்டுக்கு நான் காசு வாங்கவில்லை.

இப்படி ஒரு கடிதம் வந்து, தெரிந்த சொற்கள் சேர்ந்து அபத்தமாகப் பொருள் தந்தால், உங்கள் ஆங்கிலத்தைச் சந்தேகிக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பக்கத்துச் சொல்லோடு சேர்த்து அகராதியில் பாருங்கள். தனியாகப் பார்த்தால் தாமதம் என்றுதான் முதலில் காட்டும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்

அன்றைக்கே இரண்டாவது கடிதம் போடுங்கள். நான்கு வரி போதும்: இன்ன தேதியிட்ட என் கடிதத்தில் இந்தச் சொல் தவறுதலாக வந்துவிட்டது, அதை இப்படித் திருத்திப் படிக்கவும். கம்ப்யூட்டர் செய்தது, போன் செய்தது, போட்டோஸ்டேட் கடை அக்கா செய்தது என்றெல்லாம் காரணம் எழுத வேண்டாம். அந்தச் சொல்லை நீங்கள் கேட்க நினைத்த விஷயத்தோடு சேர்த்து, வேறு சொல்லில், இன்னொரு தடவை எழுதுங்கள். பணமோ வேலையோ சம்பந்தப்பட்டது என்றால் கடிதத்தோடு நேரில் போவதுதான் நல்லது. அந்தக் காவலாளி நேரில் போனார். மேசையில் இருந்தவர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இருபது நிமிடத்தில் ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

லீவு கேட்ட அண்ணனுக்கும் அப்படித்தான் செய்தோம். புதுக் கடிதத்தோடு சான்றுக்குக் கல்யாண அழைப்பிதழையும் வைத்து அனுப்பலாம் என்றேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் தடவிய அட்டை, தங்க எழுத்து. மேலே பெரிதாகத் 'திருமன அழைப்பிதழ்' என்று இருந்தது, மூன்று சுழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. முந்நூறு பிரதி, எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தது. என் கடைதான்.